இரண்டு வேளை எண்ணெய்

பூவார்
12.6.1994

மாதாவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள தங்கச்சி பெர்த்தாவுக்கு அக்கா ஆனந்தபாய் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ஆமா" என்று ஒரு வார்த்தையில் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

நம்ம தம்பி ஜெயதாசுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. சுகப்பிரசவம். ரெஷ்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். நிறம் அவள் அம்மை ஷைனாவுடையது, வாய் நம்ம வீட்டு வாய். அழுதால் ஆறு கடலில் சேருகிற பொழிக்கரை வரைக்கும் கேட்கும். ஷைனாவுக்குத்தான் அம்மை இல்லையே, அதனால் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற வேலை எனக்காக்கும்.

காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, ரெண்டு துவாரத்திலும் சொட்டு விட்டு ஊதும்போது வயது குறைந்த மாதிரி இருக்கிறது. அம்மை மீன்கூடையோடு நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் போய்விட்டால் உன்னையும் இப்படித்தான் போட்டுக் குளிப்பாட்டுவேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கு உன் மூக்கு நேராக நிற்கிறதென்றால் அது கடவுள் செய்ததல்ல, நான் செய்தது.

நம்ம கடைசித் தம்பி ஜெயசிங்குக்கு வியாழக்கிழமை நினைவுப் பூசை. அஞ்சு மாசத்தில் அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிள்ளை. நீயும் அங்கே ஒரு ஜெபம் சொல்லு.

பம்பாயில் உனக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். "அவ முட்டைக்கு ஊசி போடுகா" என்று ஜெயதாஸ் சொல்லிச் சிரிக்கிறான். ஒழுங்காக எழுது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா


பம்பாய்
3.7.1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து வாசித்துத் தனியாகச் சிரித்தேன். நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். ஆமா.

ஜெயதாஸ் சொன்னது சரிதான், முட்டைக்குத்தான் ஊசி. இது ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகம். இன்புளூயன்சா, நம்ம ஜெயசிங்கைக் கொண்டுபோன அதே காய்ச்சல், அதன் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஒரு சட்டை உண்டு. சட்டை கிழிந்தால் கிருமி செத்தது. மீன்சட்டியின் பிசுக்கைச் சோப்பு எப்படி இளக்குகிறதோ, அப்படி இந்தச் சட்டையை இளக்குகிற பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் சோப்புக்கு உறவுக்காரர்கள். அவற்றில் எது கிருமியைக் கொன்றுவிட்டு ஆளை விட்டுவைக்கும் என்று தேடுவதுதான் எங்கள் வேலை.

குஞ்சு வளர்கிற கோழிமுட்டைக்குள் கிருமியையும் அந்தப் பொருளையும் விட்டுவைப்போம். பிறகு அந்த முட்டைநீரை எடுத்துச் சின்னச் சின்னக் குழிகளில் கோழி இரத்தத்தோடு கலப்போம். கிருமி இருந்தால் இரத்தம் பாய் விரித்த மாதிரி பரந்து நிற்கும். இல்லையென்றால் குழியின் அடியில் சிவப்பாக ஒரு பொட்டு விழும். பொட்டு விழுந்தால் எங்களுக்கு ஜெயம்.

இதுவரை பார்த்தவை கிருமியோடு குஞ்சையும் கொன்றன. போன வாரம் ஏழாம் நம்பர். எல்லாக் குழியிலும் பொட்டு, குஞ்சும் உயிரோடு துடிக்கிறது! அந்த ஏழாம் நம்பரை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நம்ம தேங்காயெண்ணெயில் இருந்து! எங்கள் ஆய்வகத் தலைவி மேடம் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

ஜெயசிங்கின் சின்னப் பெட்டிக்குப் பின்னால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, "வளந்து இந்தக் காய்ச்சல நான் கொல்லுவேன்" என்று சொன்னேனே, ஞாபகம் உண்டா? எனக்கு ஒன்பது வயது. நீ என் வாயைப் பொத்தினாய். போன வாரம் அதை நினைத்து நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ரெஷ்மாவின் வாயை அடக்காதே, கேட்கட்டும்.

உன் கையால் மூக்கு நேரான
பெர்த்தா


பூவார்
24.7.1994

மாதாவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள பெர்த்தாவுக்கு, சுகம், சுகம், எல்லாரும் சுகம். எனக்குத்தான் நாலு நாளாகக் கால் தரையில் நிற்கவில்லை.

உன் கடிதத்தைப் பங்குச் சாமியாரிடம் காட்டினேன். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். "நம்ம பங்குப் பிள்ளை பெர்த்தா, நம்ம தேங்காயில இருந்து காய்ச்சலுக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கா." பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்டுகள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஆனந்தபாயே, உனக்க தங்கச்சி பெரிய ஆளாக்கும், எங்களுக்கும் ஒரு குப்பி அனுப்பச் சொல்லு" என்கிறார்கள். நானும் மகாராணி மாதிரி "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நம்ம அம்மை படிக்காமலே சொன்னதை உன் மேடம் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார். தேங்காயெண்ணெய் விட்ட மூக்கில் நோய் ஏறாது என்று அம்மை சொல்லுவாளே!

இதுவரை குளிக்கிற நேரத்தில் மட்டும் ரெஷ்மாவுக்கு விட்டுக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து காலையும் மாலையும் விடுகிறேன். காய்ச்சல் காலமல்லவா. பிள்ளை புரைக்கேறி இருமும், பிறகு உறங்கிவிடும். ஷைனா நேற்று, "மதி, போதும் அக்கா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள். "ஏட்டி, இது பெர்த்தாளுக்க லேபாரட்டரியில தெளிஞ்ச காரியமாக்கும்" என்றேன். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருந்து குப்பியில் வருமா, மாத்திரையாக வருமா?

பெருமையில் வீங்கிப்போன
அக்கா


பம்பாய்
28.8.1994

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். நான் சுகம். வேலை கழுத்து வரைக்கும்.

உன் கடிதத்தைப் பிரித்ததும் தேங்காயெண்ணெய் மணம் இந்த அறைக்குள் வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம், வெயிலில் சூடான அந்த அலுமினிய வாளி, எண்ணெய் வழிகிற முகத்தோடு நானும் ஜெயதாசும் கொல்லையில் ஓட, நீ தென்னமட்டையை எடுத்துக்கொண்டு துரத்த! பிடித்துவிட்டால் உன் கட்டைவிரல் மூக்குத்தண்டில் இறங்கும். கண்ணீர் வரும். பிறகு நீ ஊதுகிற காற்று சில்லென்று இருக்கும். இங்கே யாரும் யாரையும் அப்படித் தொடுவதில்லை, அக்கா. சில நாள் ஹாஸ்டலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு உன் கையை நினைத்துக்கொள்வேன்.

ஏழாம் நம்பரை இப்போது சுண்டெலிகளிடம் கொண்டுபோயிருக்கிறோம். முட்டையில் ஜெயித்தது உயிருள்ள உடம்பிலும் ஜெயிக்க வேண்டுமே. லேசாக மயக்கி, மூக்கு வழியாகச் சொட்டு விடுகிறோம். பார்த்தாயா, கடைசியில் உன் வேலைதான் எனக்கும் வாய்த்திருக்கிறது!

சாமியாருக்கு என் தோத்திரம் சொல்லு. குப்பி அனுப்ப இன்னும் வருஷங்கள் ஆகும் என்றும் சொல்லிவிடு.

அன்பு மறவாத
பெர்த்தா


பூவார்
2.10.1994

மாதாவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள பெர்த்தாவுக்கு, சூரத்தில் பிளேக் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். பம்பாய்க்கும் வந்துவிட்டதா? நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போ. உனக்காக மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன்.

இங்கே நாங்கள் சுகம். ரெஷ்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். நெஞ்சில் காதை வைத்தால் கறகற என்று கேட்கிறது. சளிதான். பாறசாலையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், குடிக்க மருந்து தந்திருக்கிறார். அது பாட்டுக்கு அது, நம்ம கைவைத்தியமும் நிறுத்தவில்லை. நீ பயப்படாதே.

இருமிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், கள்ளி. ஜெயதாஸ் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து இவளைத் தூக்குகிறான். நீ வந்து பார்க்க வேண்டாமா?

சுண்டெலிகள் பிழைத்துக்கொண்டனவா?

அக்கா


பூவார்
10.11.1994

பெர்த்தா,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு என்ன? ஒரு கார்டாவது போடக்கூடாதா? உனக்குச் சுகமில்லையென்றால் மறைக்காதே.

பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்கிறது. ரெண்டு இழு இழுத்தால் மூச்சு வாங்குகிறது. மெலிந்துவிட்டாள். காய்ச்சல் ரொம்ப இல்லை, தொட்டால் இளஞ்சூடு. இருமும்போது முகம் கறுக்கிறது. டாக்டர் மருந்தை மாற்றினார். செபஸ்தியாருக்கு நேர்ந்திருக்கிறேன். ஷைனா ராப்பகலாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நானும் எண்ணெயை விடாமல் மூன்று வேளையாக விட்டுப் பார்க்கிறேன்.

உன் மருந்தில் கொஞ்சம் கிடைக்குமா? முடிவாகாதது என்றாலும் பரவாயில்லை. கேட்டுப் பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


தந்தி
பம்பாய், 17.11.1994

மூக்கில் எண்ணெய் விடவேண்டாம். குழந்தையை இன்றே திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் கொண்டுபோகவும். எண்ணெய் விட்டதை டாக்டரிடம் சொல்லவும். பெர்த்தா.


பம்பாய்
17.11.1994

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். சாமியார் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

ஏழாம் நம்பர் தோற்றுவிட்டது. செப்டம்பர் கடைசியிலேயே தெரியும். மருந்து விட்ட எலிகள், மருந்தே இல்லாமல் காய்ச்சலோடு விட்ட எலிகளுக்கு முன்பே செத்தன. நுரையீரலுக்குள்ளும் ஒரு வழுவழுப்பான பூச்சு உண்டு, அக்கா. அது இருந்தால்தான் நெஞ்சு விரியும். கிருமியின் சட்டையை இளக்கிய மருந்து அந்தப் பூச்சையும் இளக்கிவிட்டது. குழியில் பொட்டு விழுந்ததெல்லாம் குழியோடு சரி. சாமியார் கோயிலில் சொன்ன பிறகு இதை எப்படி எழுதுவது என்று வெட்கப்பட்டு உனக்கு எழுதாமலே இருந்துவிட்டேன்.

இன்று காலை உன் கடிதம் வந்தது. மேடம் முன்பு குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அவரிடம் வாசித்துச் சொன்னேன். "எண்ணெயா? எங்கே விடுகிறார்கள்?" என்று எழுந்து நின்றுவிட்டார். மூக்கில் விடுகிற எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் இருமினாலும் வெளியே வராதாம். நெஞ்சிலேயே தங்கிச் சளிக்காய்ச்சல் மாதிரி ஆக்கிவிடுமாம். எங்கள் மருந்து வேறு, உன் எண்ணெய் வேறு. ஆனால் ரெண்டும் போகக்கூடாத இடம் ஒன்றுதான்.

உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். "காலையும் மாலையும்" என்று நீ தெளிவாக எழுதியிருக்கிறாய். நான் அதைத் தாண்டிப்போய் எண்ணெய் மணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடி.

எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுது. மறைக்காதே.

பெர்த்தா


பூவார்
18.12.1994

மாதாவுக்குத் தோத்திரம்.

பெர்த்தாவுக்கு,

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத நல்லது ஒன்றும் இல்லாமல் இருந்ததுதான்.

உன் தந்தி வந்த அன்றே ஜெயதாஸ் ஜீப் பிடித்தான். நெய்யாற்றின்கரை தாண்டும்போது அவள் உதடு நீலமாகிவிட்டது. ஷைனா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மெடிக்கல் காலேஜில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, டாக்டரம்மா, "எண்ணை விட்டதாரு?" என்று மலையாளத்தில் கேட்டார். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அவர் ஏசவில்லை. "இனி விடண்டா" என்று மட்டும் சொன்னார். ஜெயதாசும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருத்தராவது ஏசியிருந்தால் எனக்கு நெஞ்சு கனம் குறைந்திருக்கும்.

இப்போது ஷைனாதான் குளிப்பாட்டுகிறாள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அந்த நேரத்தில் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கென்று பிள்ளை இல்லாதவள் நான். இந்தக் கையில் வளர்ந்த பிள்ளைகள்தான் என் பிள்ளைகள் என்று இருந்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தபோதெல்லாம் இதே யோசனைதான். ஜெயசிங்குக்கும் இப்படித்தான் நெஞ்சு கறகறத்தது. அவனுக்கும் சூடு ரொம்ப இல்லை, பால் குடிக்காமல்தான் மெலிந்தான். அம்மை சந்தைக்குப் போயிருப்பாள். சளி இளகட்டும் என்று நான்தான் சொட்டைக் கூட்டிக் கூட்டி விட்டேன்.

நீ சோதித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவள். சொல்லு, பெர்த்தா. அவனைக் கொண்டுபோனது காய்ச்சலா, என் கையா? என்னைத் தேற்றுவதற்காக எழுதாதே.

ஆனந்தபாய்


பம்பாய்
3.1.1995

என் அக்காவுக்கு,

ரெஷ்மா பிழைத்தாள் என்ற வரியை நாலு தடவை வாசித்தேன். கடவுளுக்கு நன்றி.

உன் கேள்விக்கு "காய்ச்சல்தான்" என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன். திரும்பவும் எழுதினேன், அதையும் கிழித்தேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது, அக்கா. தந்தி கொடுத்துவிட்டுத் தபால் ஆபீஸ் படியில் நின்றபோதே வந்துவிட்டது. உனக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த மாசம் நம்ம கரையில் காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது. நானும் ஜெயதாசும் ஒரே பாயில் கிடந்தோம், நீதான் கஞ்சி ஊட்டினாய். ஜெயசிங்குக்கும் எங்களிடமிருந்து ஒட்டியிருக்கலாம். எண்ணெயும் இருந்தது. அவனுக்குப் படம் எடுத்தவர்கள் யாருமில்லை, சோதித்தவர்களும் இல்லை. எது என்று எனக்குத் தெரியாது, அக்கா. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது என்பது ஒன்றைத்தான்.

ஆனால் பார்த்ததைச் சொல்லலாமே. அவனுக்காக நீ ராவெல்லாம் விழித்திருந்ததை நான் பார்த்தேன். அவன் போனபிறகு நீ ஒரு வாரம் சோறு தொடாததையும் பார்த்தேன். கொல்லுகிற கை அப்படி இருக்காது.

ஆய்வகத்தில் எட்டாம் நம்பருக்கு வந்திருக்கிறோம். இதை மூக்கில் விடப்போவதில்லை. ஈஸ்டருக்கு லீவு சொல்லியிருக்கிறேன். வருகிறேன்.

கடற்கரையில் போய் உட்காராதே. உப்புக்காற்று உனக்கு ஆகாது.

உன்
பெர்த்தா


பூவார்
22.1.1995

மாதாவுக்குத் தோத்திரம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, உண்மையிலேயே சுகம். ரெஷ்மா நன்றாகப் பால் குடிக்கிறாள். கன்னம் திரும்ப வந்துவிட்டது.

"தெரியாது" என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது, பாத்துக்கோ. கேட்டது நான்தான், ஆனாலும் கோபம். பம்பாய்க்குப் போய் இத்தனை வருஷம் படித்து இவளுக்குத் தெரியாதாமே என்று கடிதத்தை விட்டெறிந்தேன். ரெண்டு நாள் கழித்துத் தேடி எடுத்தேன். நீ காய்ச்சல் என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். என் கைதான் என்று எழுதியிருந்தால் இந்நேரம் கடலில் இறங்கியிருப்பேன். தெரியாததைத் தெரியாதென்று வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று இன்னும் படிந்துவரவில்லை. படிந்துவிடும்.

நேற்று முன்தினம் செபஸ்தியார் திருநாள். கோயிலுக்குப் புறப்படுகிற அவசரத்தில் ஷைனா வெந்நீர் வாளியைக் கொல்லையில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கக் கையில வழுக்கிட்டே போறா. நீங்க குளிப்பாட்டுங்க."

"எனக்கு ஒக்காது பிள்ளே. எனக்கக் கை வேண்டாம்."

"உங்க தம்பிய வளத்த கைதானே. காலை நீட்டுங்க, வெள்ளம் ஆறுது."

என் பதிலுக்கு நிற்கவில்லை. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குத்தவைத்தாள். எண்ணெய் தேய்த்தேன், மூக்கை நீவினேன். பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, என் விரல் தானாகப் போய் எண்ணெய்க் கிண்ணத்தில் முங்கிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கமல்லவா. சொட்டு விரல்நுனியில் நிற்கிறது. நிமிர்ந்தால் ஷைனா பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டவில்லை. நான் அந்தச் சொட்டைப் பிள்ளையின் உள்ளங்காலில் தேய்த்தேன்.

அப்போது ரெஷ்மா காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள், பாரு. வாய் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அப்படியே அழுகை வந்துவிட்டது. உள்ளங்காலில் கூச்சம் காட்டினால் ஜெயசிங்கும் இப்படித்தான் காலை இழுத்துக்கொண்டு சிரிப்பான். அந்தப் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் இத்தனை காலமும் எனக்கு அவன் இருமல்தான் கேட்டது. அவன் சிரிப்பான் என்பது நேற்று முன்தினம்தான் ஞாபகம் வந்தது.

ஈஸ்டருக்குச் சீக்கிரம் வந்து சேர். உன்னிடம் அவனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

அக்கா